காலை கட்டவும்

வட்டக்காடு தோட்டம், மேல் பிரிவு,
நோர்வூட்.
11.3.1962

தம்பி சோலைமலைக்கு அக்கா அழகம்மா எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நீ இருப்பதைப் போன மாதம் கண்ணாலேயே பார்த்துவிட்டேன், அதனால் விசாரிக்கவில்லை.

எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பூரணியின் அப்பாதான், உள்ளே வைத்துப் புழுங்குவதை விட எழுதித் தொலைத்துவிடு என்றார். எழுதுகிறேன்.

இரண்டு பஸ் மாறி, இந்தக் காலை இழுத்துக்கொண்டு நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கால்புண்ணுக்கென்றே இழுபடும் துணி ஒன்று அங்கே வந்திருக்கிறது, அதைச் சுற்றிக் கட்டினால் ஆறும் என்று தோட்டத்து டிஸ்பென்சர் சொல்லியிருந்தார். உன் தம்பியே அங்கே புண் கட்டுகிறவன்தானே, உனக்கென்ன குறை என்றும் சொன்னார். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். என் முறை வந்ததும் நீ நிமிர்ந்து பார்த்தாய். அடையாளம் தெரிந்துதான் பார்த்தாய். பார்த்துவிட்டு, "உக்காருங்கம்மா, காலை நீட்டுங்க" என்றாய்.

நான் உனக்கு அம்மாவா?

உன் பின்னால் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நீ குனிந்த தலை நிமிராமல் புண்ணைத் துடைத்தாய், களிம்பு பூசினாய், துணியைச் சுற்றினாய். கை பதமாகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன். சுற்றி முடித்து, ஒரு சீட்டில் என்னவோ எழுதி, நாலு துணிச் சுருளோடு என் மடியில் வைத்துவிட்டு "அடுத்த ஆள்" என்றாய். அக்கா என்று ஒரு தரம், வாய்க்குள்ளாவது சொல்லியிருக்கலாம்.

சீட்டை பஸ்ஸில் வாசித்தேன். 'களிம்பு பூசி, தினம் காலை கட்டவும். கால்விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை. கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்றவும்.' இவ்வளவுதான். எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை.

இருந்தாலும் அதன்படியே செய்து வருகிறேன், எனக்கு வேறு வழி இல்லை. மலையில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புண் ஆறிவிட்டது என்று தீபாவளிக்குள் டொக்டர் கடிதம் கொண்டுவராவிட்டால் என் பேரை வெட்டிவிடுவார்களாம். பூரணி அப்பாவின் பேரை சங்க விசயத்தில் முன்னால் நின்றதற்காகப் போன வருசமே வெட்டியாயிற்று. இப்போது தோட்டம் கொடுத்த இந்த லயத்து வீடு என் பேரில்தான் நிற்கிறது. அதுவும் போனால் மூன்று பேரும் சட்டிபானையோடு ரோட்டுக்குத்தான் போக வேண்டும்.

அக்கா,
அழகம்மா


தலவாக்கலை.
24.3.1962

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

நீங்கள் வந்த அன்று நூற்று நாற்பது பேர். பின்னால் நின்றவர் தலைமை டிரெஸ்ஸர். வேலை நேரத்தில் சொந்தக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்காது. அதை நீங்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே இருப்பவர்கள் என்னை ஹட்டன் கடைக்காரர் ஒருவரின் மகன் என்று நினைத்திருக்கிறார்கள். நானாக அப்படிச் சொல்லவில்லை. யாரோ நினைத்தார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. என்னோடு பயிற்சிக்கு வந்த ஒருவர் லயத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்துபோயிற்று. அன்று முதல் அவருக்குப் பேர் 'தோட்டக்காட்டான்'தான். சாப்பாட்டு மேசையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

புண்ணைப் பற்றி: அது தோலில் வந்த கோளாறு அல்ல. தங்காமல் போன இரண்டாவது பிள்ளை பிறந்தபோது உங்கள் கால் வீங்கிக் கனத்ததே, அப்போதே உள்ளே ரத்தக் குழாய் கெட்டுவிட்டது. கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏற முடியாமல் தேங்கி நிற்கிறது. தேங்கிய இடத்தில் தோல் நைந்துபோகும். களிம்பு கொஞ்சம்தான் உதவும், மிச்ச வேலை எல்லாம் கட்டுடையது. ஆகவே சீட்டில் எழுதியபடி தினம் காலை கட்டி வாருங்கள். மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

இப்படிக்கு,
சோ. சோலைமலை


நோர்வூட்.
6.5.1962

சோலைமலைக்கு,

வித்தியாசம் தெரிகிறது. நெல்லிக்காய் அளவு இருந்த புண் இப்போது பூரணியின் உள்ளங்கை அளவு இருக்கிறது. ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறிக் கிடக்கிறது. நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை. கொழுந்து பறிக்கும் நிரையில் பக்கத்தில் நிற்கிறவள் முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நீ சொன்னபடியே கட்டுகிறேன். ஒரு நாள் தவறியதில்லை. மாரியம்மனுக்கு விளக்குப் போட மறந்தாலும் இதை மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை 'அம்மா' ஆக்கினாய், கடிதத்தில் 'தங்கள்' என்றும் 'நீங்கள்' என்றும் எழுதுகிறாய். இடுப்பில் வைத்து உன்னைத் தூக்கித் திரிந்தவள் நான். எனக்கு இவ்வளவு மரியாதை தாங்காது.

கண்டாக்கு ஐயா நேற்று மறுபடி காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அழகம்மா


தலவாக்கலை.
14.5.1962

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பார்த்து வருத்தமும் எரிச்சலும் வந்தன. மறைக்காமல் சொல்கிறேன். இதே துணியால் இதே மருந்தால் இந்த மூன்று மாதத்தில் ஒன்பது பேருக்கு நான் கட்டினேன். ஏழு பேருக்குப் புண் சிறுத்துவிட்டது. அதில் ஒருவர் கல் உடைக்கிறவர், பன்னிரண்டு வருசப் புண். உங்களுக்கு மட்டும் பெரிதாகிறது என்றால் எங்கோ தவறு நடக்கிறது, அது துணியில் இல்லை.

மஞ்சளோ மயில்துத்தமோ வைக்கிறீர்களா? இலை அரைத்துப் போடுகிறீர்களா? அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறீர்களா? நடப்பது நல்லது, நிற்பதுதான் கெடுதல். அரிக்கிறது என்று கட்டை நடுவில் தளர்த்துகிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். படுக்கையை விட்டு எழுவது முதல் மறுபடி படுப்பது வரை ஒரு நாள் முழுவதும் என்ன செய்கிறீர்கள் என்று விடாமல் எழுதுங்கள்.

சோலைமலை


நோர்வூட்.
22.5.1962

சோலைமலைக்கு,

திருடியை விசாரிப்பது போலக் கேட்கிறாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நாலரைக்கு எழுந்திருக்கிறேன். எழுந்ததும் முதல் வேலை, உன் துணியை அவிழ்த்துச் சுருட்டி வைப்பது. பீலிக்குப் போய் வரிசையில் நின்று இரண்டு குடம் தண்ணீர் எடுக்கிறேன். அடுப்பு மூட்டி, தேயிலைச் சாயம் ஊற்றி, ரொட்டி தட்டுகிறேன். ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கிறேன். பிறகு மலை. பகலெல்லாம் நிரையில் நிற்கிறேன், கொழுந்து நிறுக்கும் இடத்திலும் நிற்கிறேன். என்னை யார் உட்கார வைக்கிறார்கள்? சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் புண்ணைக் கழுவிக் களிம்பு பூசி, சீட்டில் நீ எழுதியபடி காலைக் கட்டுகிறேன். கணுக்காலில் இறுக்கம், மேலே தளர்வு. பூரணி விளக்குப் பிடிக்கிறாள். சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கிறேன். விடியும்போது அது தொளதொளவென்று கழன்று பாயில் கிடக்கும். மறுபடி சுருட்டி வைக்கிறேன்.

மஞ்சளும் வைக்கவில்லை, மண்ணும் வைக்கவில்லை. மலைக்குக் கட்டிக்கொண்டு போனால் சேறும் அட்டையும் பட்டுத் துணி பாழாகிவிடும். நீ கொடுத்தது என்று அழுக்குப் படாமல் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் வந்து பார், இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

இதில் எது பிழை என்று நீயே சொல். எனக்கு அலுத்துவிட்டது.

அழகம்மா


தலவாக்கலை.
27.5.1962

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பிழை உன்னிடம் இல்லை.

'தினம் காலை கட்டவும்' என்று எழுதினேன். நான் சொன்னது பொழுது விடியும் காலை. நீ படித்தது உன் கால். அதைத்தான் மூன்று மாதமாகத் தவறாமல் கட்டியிருக்கிறாய், சாயந்திரத்தில்.

கட்டு வேண்டியது பகலுக்கு, அக்கா. விடியும்போது கால் வற்றியிருக்கும். எழுந்து தரையில் காலை ஊன்றும் முன் கட்டிவிட வேண்டும். அப்போதுதான் நாளெல்லாம் நீ நடக்க நடக்கத் துணி ரத்தத்தை மேலே தள்ளும். நீயோ பகலெல்லாம் வெறுங்காலோடு நின்று, நன்றாக வீங்கிய பிறகு கட்டினாய். படுத்ததும் வீக்கம் வடிந்து கட்டு கழன்றது. மூன்று மாதமாக அந்தத் துணி உன் பாய்க்குத்தான் உதவியிருக்கிறது. சேறு பட்டால் படட்டும், துவைத்துக்கொள்ளலாம். அடுப்புச் சூட்டில் மட்டும் காய வைக்காதே, இழுவை போய்விடும்.

முதலில் இந்தக் கடிதத்தை வேறு மாதிரிதான் எழுதினேன். கால் என்றால் 'காலைக் கட்டவும்' என்று நடுவில் ஒரு 'க்' வந்திருக்கும், நான் 'க்' போடவில்லையே, இது ஐந்தாம் வகுப்பில் படித்த இலக்கணம்தானே என்று எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

உனக்கு ஐந்தாம் வகுப்பு இல்லை. மூன்றாம் வகுப்போடு அம்மா உன்னை நிறுத்தி, என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்தாள். பிறகு நீ கூடை தூக்கினாய், நான் ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த 'க்' எனக்குத் தெரிவதும் உனக்குத் தெரியாமல் போனதும் ஒரே காரணத்தால்தான்.

மற்ற ஒன்பது பேருக்கும் சீட்டைக் கொடுத்து வாயாலும் சொன்னேன். விடிய எழுந்ததும் கட்டுங்க, படுக்கப்போகும்போது அவிழுங்க என்று. உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அக்கா என்று வந்துவிடும் என்று பயந்து பேசாமல் இருந்தேன். நான் வெட்கப்பட்டதற்கு உன் கால் அழுகியிருக்கிறது. எனக்கு இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

நாளைக்கே தொடங்கிவிடு. கட்டிலை விட்டு இறங்கும் முன் கட்டு.

தம்பி


நோர்வூட்.
5.6.1962

தம்பிக்கு,

கட்டிலை விட்டு இறங்கும் முன் கட்ட வேண்டுமாம். எந்தக் கட்டில்? நாங்கள் படுப்பதே தரையில்தான், மறந்துவிட்டாயா? அந்த வரியைப் படித்துவிட்டுப் பூரணியின் அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

அந்த 'க்' கதையையும் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நீயே சொல், லயத்தில் யாரடா 'காலை' என்கிறார்கள்? விடிய என்போம், வெள்ளென என்போம். காலை என்று எழுதினால் எங்களுக்குக் கால்தான். 'காலையில்' என்று ஓர் எழுத்து, இரண்டு எழுத்து கூட்டிப் போட்டிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?

உன்மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிகிறது. கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது வேறு சங்கடம். விடிய இதைச் சுற்ற எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் பீலியில் வரிசை நீண்டுவிடுகிறது. கடைசியில் நின்றால் பெரட்டுக்குப் பிந்திவிடுகிறேன். பிந்தினால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள், இரண்டு நாள் அப்படி ஆகிவிட்டது. நீங்கள் போய்த் தண்ணீர் எடுத்தால் என்ன என்று இவரைக் கேட்டேன். "ஆம்பிள பீலிக்கரையில கொடம் தூக்கினா லயமே சிரிக்கும்" என்கிறார். கூட்டத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று பேசுகிற மனிதர் இவர். பூரணியை அனுப்பு என்கிறார். பத்து வயதுப் பிள்ளை, அந்த வழுக்குப் படியில் குடத்தோடு ஏற மாட்டாள். இன்றைக்குத் தண்ணீர், நாளைக்கு வேறொன்று என்று அவளும் என்னைப் போல வீட்டோடு நின்றுவிடுவாள். அது மட்டும் நடக்க விட மாட்டேன்.

அழகம்மா


நோர்வூட்.
8.7.1962

தம்பிக்கு,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். கூட ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். தேயிலைப் பெட்டிக்குள் போடும் மெல்லிய தாளைப் புண்ணுக்கு மேலே பிடித்து, ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே பூரணி பென்சிலால் வரைந்தது. உள்ளங்கை அளவு இருந்தது அரை உள்ளங்கை ஆகிவிட்டது. அடியில் சிவப்புச் சதை தெரிகிறது. நாற்றம் இல்லை.

தண்ணீர் இப்போது பூரணியின் அப்பாதான் எடுக்கிறார். நான் கேட்டு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் விடிய நான் கட்டாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் என் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு போனார். முதல் நாள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். 'சங்கத் தலைவர் தண்ணி புடிக்க வந்துட்டாரு, வழி விடுங்க' என்று கேலி. இரண்டாவது வாரம் எதிர் லயத்து அழகன் அவர் பின்னால் குடத்தோடு நின்றானாம், அவன் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி. இப்போது யாரும் சிரிப்பதில்லை.

கொழுந்து நிறுக்கும்போது கூடையை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இராத்திரியில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை வைத்துப் படுக்கிறேன். அது நீ சொல்லாமல் நானே கண்டுபிடித்தது, கால் விடியும்போது இன்னும் வற்றியிருக்கிறது.

உன் துணி இப்போது வெள்ளையாக இல்லை.

அழகம்மா


தலவாக்கலை.
23.9.1962

அக்கா,

மாதாமாதம் நீ அனுப்பிய காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன். கடைசியாக வந்ததில் ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கிறது. டொக்டரிடமும் காட்டினேன். யாருடைய கால் என்று கேட்டார். நோர்வூட் பக்கத்து நோயாளி ஒருவர் என்றேன்.

இதை உன்னிடம் மறைத்திருக்கலாம். ஏழு மாதம் கழித்தும் என் வாயில் அதுதான் வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

டொக்டர் நேரில் பார்க்காமல் கடிதம் தர மாட்டார். அக்டோபர் இரண்டாம் வாரம் புதன்கிழமை வா. தலைமை டிரெஸ்ஸரும் இருப்பார், வரிசையும் இருக்கும். அன்று நான் எப்படி நடந்துகொள்வேன் என்று வாக்குக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் கடிதத்துக்காகவாவது வா. வீடு போகக் கூடாது.

தம்பி


நோர்வூட்.
21.10.1962

தம்பி சோலைமலைக்கு,

டொக்டர் கடிதத்தைக் கண்டாக்கு ஐயாவிடம் கொடுத்தேன். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தோல் மூடி, மெல்லிசாகப் பளபளவென்று இருக்கிறது. பார்த்துவிட்டு, சரி, மலைக்குப் போ என்றார். அவ்வளவுதான். வீடு நின்றது, பேரும் நின்றது. ஆறு வருசப் புண் ஆறியிருக்கிறது, சந்தோசம் வர வேண்டும். எனக்குத் தூக்கம்தான் வருகிறது.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றைக்கு உன்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எல்லார் முன்னாலும் அழுதிருப்பேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்திருந்தேன். நீ பிழைக்கிற இடம், என்னால் உனக்கு ஒரு பேர் வரக் கூடாது என்று. அதனால் என் முறை வந்ததும் நானே முந்திக்கொண்டு, "கும்புடுறேங்கையா, காலைப் பாருங்கையா" என்றேன். நன்றாகத்தான் நடித்தேன் என்று நினைக்கிறேன். கண்ணாடிக்காரர்கூட நிமிரவில்லை.

நீ கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டாய். "என்னக்கா, என்னயப் போயி ஐயாங்கிற?" என்றாய். மெதுவாகச் சொல்லவில்லை. வரிசை முழுவதும் திரும்பியது. யாரப்பா இது என்று கண்ணாடிக்காரர் கேட்டார். "எங்க அக்காங்க. வட்டக்காட்டுத் தோட்டம். நானும் அந்த லயந்தாங்க" என்றாய். சொல்லிவிட்டு மறுபடி குனிந்து என் காலைத் துடைத்தாய். உன் காது சிவந்திருந்தது. சின்ன வயதில் அடி வாங்கினால் அப்படித்தான் சிவக்கும்.

இனி அங்கே உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, எனக்குக் கவலையாக இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து சாப்பிட விடுகிறார்களா? மறைக்காமல் எழுது. மாசியில் நீ 'அம்மா' என்றபோது எனக்கு மனசில் பட்டது அன்றோடு போய்விட்டது. அதை நீ இனி சுமக்க வேண்டாம்.

இன்னொன்று. அன்று சொல்லவில்லை, நல்ல நேரத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரமாக வலது கணுக்காலும் கறுத்து அரிக்கிறது. இன்னும் புண்ணாகவில்லை. அதற்கும் கட்ட வேண்டும் என்றுதான் நீ சொல்லுவாய், கட்டுகிறேன். இடது காலுக்கும் விடாமல் கட்டுகிறேன். இனி விடிய அரை மணி நேரம் இதற்கே போய்விடும். பூரணியின் அப்பா இன்னொரு குடமும் தூக்கட்டும்.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கிறது. அம்மா செத்த பிறகு நீ இந்த லயத்துப் படி ஏறவில்லை. வரும்போது துணி கொண்டு வா. சீட்டு எழுதாதே, வாயால் சொல்லிவிட்டுப் போ. கட்டில் இல்லை, பாய்தான்.

அக்கா